கைடு காசில்லாமல் ராமநாதபுரம் கடற்கரை: நாள்வாரிக் குறிப்புகள்

வியாழன்: ராமநாதபுரம்

பெரிய நகரங்களில் இலவச வழிகாட்டிக்கென்று ஓர் ஏற்பாடே இருக்கிறது. ஆகஸ்ட் 22 சென்னை தினத்தை ஒட்டி மயிலாப்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் வரலாறு தெரிந்தவர்கள் காலையில் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். வெளிநாட்டு நகரங்களில் குடை பிடித்தபடி ஒருவர் சதுக்கத்தில் நிற்பார். இரண்டு மணி நேரம் நடத்திக் காட்டிவிட்டு, முடிவில் "விருப்பப்பட்டதைக் கொடுங்கள்" என்பார். அந்த இலவசத்துக்குள் ஒரு கணக்கு உண்டு. பல இடங்களில் அந்த வழிகாட்டி வந்த தலைக்கு இவ்வளவு என்று நிறுவனத்துக்குக் கட்டியாக வேண்டும். அதனால்தான் கடைசிப் பத்து நிமிடம் பேச்சு டிப்ஸைச் சுற்றியே வரும்.

ராமநாதபுரம் கடற்கரையில் குடையும் கிடையாது, முன்பதிவும் கிடையாது. இணையத்தில் தேடினால் கார் வாடகை விளம்பரம்தான் வரும். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் வழிநெடுக வேலையில் இருக்கிறார்கள்: அருங்காட்சியகப் பணியாளர், வனத்துறை ஆள், பள்ளி ஆசிரியர், மீன் ஏலம் கூறுகிறவர், பாசி எடுக்கிற அக்கா. இங்கே ஒரே விதிதான். தானாக நம்மைத் தேடி வருகிறவருக்குக் காசு. நாம் தேடிப் போகிறவருக்குக் காசில்லை. அவருடைய ஓய்வு நேரம் எது என்று தெரிந்து போக வேண்டும், அவ்வளவுதான். இந்தப் பயணத்தின் கிழமை வரிசையை அதற்கேற்பத்தான் அடுக்கியிருக்கிறோம். வரிசையைக் குலைத்தால் பாதி இடத்தில் பூட்டைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

வியாழனில் தொடங்கக் காரணம், அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளி விடுமுறை. ஊருக்குள் அரண்மனை வளாகத்தில் இருக்கும் ராமலிங்க விலாசம் மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. நுழைவுக் கட்டணம் பெயரளவுக்குத்தான். காலை 10 மணிக்குத் திறந்ததும் போய்விடாதீர்கள். முதல் அரை மணி நேரம் கூட்டுவது, பதிவேடு எழுதுவது என்று போய்விடும். 11 மணி வாக்கில் பணியாளருக்குக் கை காலியாகும். பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்திருந்தால் இன்னும் நல்லது. ஆசிரியருக்குச் சொல்லும் விளக்கத்தைப் பின்னால் நின்று நாமும் கேட்கலாம்.

ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி காலத்துக் கட்டடம் இது. சுவரோவியங்கள் அவருக்குப் பின் வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை, 1713 முதல் 1725 வரை ஆண்டவர். 1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்தித்ததும் இங்கேதான். எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான், "கட்டபொம்மன் எந்த வழியா சார் தப்பிச்சாரு?" பணியாளர்களுக்கு இந்தக் கேள்வி அலுத்துப்போயிருக்கும். நீங்கள் வேறு கேள்வியில் தொடங்குங்கள். "ராஜராஜேஸ்வரி செங்கோல் கொடுக்கிற படம் எந்தப் பக்கம்?" என்று கேட்டுப் பாருங்கள். நாற்காலியை விட்டு எழுந்து வருவார்.

பார்க்கும் வரிசையும் முக்கியம். முதலில் தூண்கள் நிற்கும் பெரிய மண்டபம்: தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், ஐரோப்பியரை மன்னர் வரவேற்கும் காட்சி. அங்கிருந்து உள்ளே போகப் போகத் தரை படிப்படியாக உயரும்; கோயிலில் மகா மண்டபம், அர்த்த மண்டபம், கருவறை என்று போவதுபோன்ற அமைப்பு. கடைசி அறையில் ராமர் பீடம். பிறகுதான் மாடி. அங்கே மன்னரின் அந்தப்புரக் காட்சிகள். குழந்தைகளோடு போகிறவர்கள் முன்னதாகத் தெரிந்துகொள்வது நல்லது. வெளிச்சம் குறைவு. ஃபிளாஷ் போடக்கூடாது, படம் எடுக்க அனுமதி உண்டா என்பதை வாசலிலேயே கேட்டுவிடுங்கள். ஒரு பகுதியை மட்டும் விளக்கிவிட்டு அவர் நாற்காலிக்குத் திரும்பினால் விட்டுவிடுங்கள். பத்து நிமிடம் தனியாகப் பார்த்துவிட்டு ஒரு குறிப்பான சந்தேகத்தோடு போனால் மறுபடி வருவார்.

அழகன்குளம் பற்றியும் இங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்து ஊர். 1986இல் தொடங்கிய அகழாய்வுகளில் ரோமானிய நாணயங்களும் கப்பல் கீறப்பட்ட பானை ஓடும் கிடைத்த இடம். ஊருக்கே போய்ப் பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். அகழாய்வு முடிந்ததும் குழிகளை மூடிவிடுவதுதான் வழக்கம். மேலே நிற்பது கருவேலம்தான்.

கிளம்பும்போது பணியாளர் கையில் ரூபாய் திணிக்க வேண்டாம். அரசு ஊழியருக்கு அது சங்கடம். பார்வையாளர் பதிவேட்டில் நான்கு வரி எழுதுங்கள், அவர் விளக்கினார் என்பதைக் குறிப்பிட்டு. மேலதிகாரி வரும்போது புரட்டிப் பார்ப்பது அந்தப் பதிவேட்டைத்தான்.

நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். அப்போது வர முடிந்தால் இந்த மாதிரி இடங்களில் கண்காட்சி, மாணவர் விளக்கம் எல்லாம் சேர்ந்து கிடைக்கும். ஆனால் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். பின்னால் வரும் படகு, பாசி நாட்கள் கைவிட்டுப் போகலாம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெள்ளி: திருப்புல்லாணி, சேதுக்கரை, கீழக்கரை

வெள்ளிக்கிழமை பள்ளி நாள் என்பதால்தான் திருப்புல்லாணி இன்று. ராமநாதபுரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர், டவுன் பஸ் அடிக்கடி உண்டு. இங்குள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் இயங்கிவந்திருக்கிறது. கல்வெட்டு படிக்கவும் வந்தவர்களுக்கு ஊரைக் காட்டவும் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்த மன்றம். நேராக வகுப்பறைக்குப் போய் நிற்கக்கூடாது. முதல் நாளே பள்ளிக்குத் தகவல் சொல்லி, தலைமையாசிரியர் சம்மதத்தோடுதான் போக வேண்டும். தேர்வுக் காலத்தில் கேட்கவே வேண்டாம். பிள்ளைகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். நூலகத்துக்கு ஒரு நல்ல புத்தகம் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

அது அமையாவிட்டாலும் கோயில் இருக்கிறது. ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயில், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. இங்கே ராமன் தர்ப்பைப் புல்லில் படுத்த கோலத்தில் இருக்கிறார். கடலரசனிடம் வழி கேட்டுக் காத்திருந்த இடம் என்பது நம்பிக்கை. நடை மதியம் சாத்திவிடுவார்கள், எனவே காலை 9க்குள் உள்ளே இருங்கள். பட்டர்களிடம் பேச ஏற்ற நேரம் ஒரு பூஜை முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி. சன்னதியில் வரிசை நிற்கும்போது தலபுராணம் கேட்டால் இரண்டே வரியில் முடித்துவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

சேதுக்கரை அங்கிருந்து 4 கிலோமீட்டர். கடலைப் பார்த்த ஆஞ்சநேயர். அமாவாசை என்றால் தர்ப்பணக் கூட்டம் நெரியும். மற்ற நாளில் காற்றும் காக்கையும்தான். அரை மணி நேரம் போதும்.

கீழக்கரைக்கு எப்போது போய்ச் சேருகிறோம் என்பதில்தான் வெள்ளிக்கிழமை சிக்கல். ஜும்மா தொழுகை முடிந்து ஊர் சாப்பிட்டு எழ 2:30 ஆகும். அடுத்த அஸர் தொழுகைக்கு முன் சுமார் ஒரு மணி நேரம் இடைவெளி கிடைக்கும். அதற்குள் பள்ளிவாசலைப் பார்த்துவிட வேண்டும். நேரே உள்ளே நுழையாமல் ஜமாஅத் அலுவலகத்தில் போய், "அஸ்ஸலாமு அலைக்கும் பாய், பள்ளியோட கல்தூண் வேலைப்பாட்டைப் பாக்க வந்திருக்கோம்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு பெரியவர் கூடவே வருவார். முழங்கால் மூடிய உடை, காலைக் கழுவிக்கொண்டு நுழைவது, இவை கட்டாயம். பெண்கள் எதுவரை போகலாம் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் சொன்ன எல்லைக்கு மேல் ஓரடி வைக்க வேண்டாம்.

நடுத்தெரு ஜும்மா பள்ளியைக் கட்டியவர் 'செத்தும் கொடுத்தான்' என்று பெயரெடுத்த வள்ளல் சீதக்காதி, உமறுப்புலவரை ஆதரித்தவர். 17ஆம் நூற்றாண்டுக் கல் கட்டடம். தூணின் அடியிலிருந்து மேலே விட்டத்தைத் தாங்கும் போதிகை வரை கண்ணை ஓட்டுங்கள். கோயில் தூண் செய்த அதே ஸ்தபதிகளின் கை. பூ உண்டு, கொடி உண்டு, தொங்கும் மொட்டு உண்டு. உருவம் மட்டும் ஒன்றுகூட இராது. யாளி நிற்க வேண்டிய இடத்தைப் பட்டைகளாலும் கட்டங்களாலும் எப்படி நிரப்பியிருக்கிறார்கள் என்று கூட வருகிறவரைக் காட்டச் சொல்லுங்கள். இந்தக் கடற்கரையில் சிற்பக்கலைக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை என்பது எங்கள் கருத்து. ராமேஸ்வரம் பிரகாரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

சங்கு குளிக்கிறவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் மாலை 5 மணிக்குக் கடற்கரை. காலையில் கடலுக்குள் இருப்பார்கள்.

சனி: தேவிபட்டினம், காரங்காடு

தேவிபட்டினம் ராமநாதபுரத்திலிருந்து 15 கிலோமீட்டர் வடகிழக்கே. கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல்தூண்கள், நவபாஷாணம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நவதானியப் பொட்டலத்தோடு ஆள் வருவார். "சுத்திக் காட்டுறேன் சார், நீங்க பாத்துக் குடுங்க" என்பதுதான் வசனம். இந்தக் கடற்கரையில் "பாத்துக் குடுங்க" என்பதுதான் மிக அதிக விலை. முன்கூட்டித் தொகை பேசாத எந்த வேலைக்கும் முடிவில் வாக்குவாதம்தான். கட்டணம் எல்லாம் பலகையில் எழுதியிருக்கும், படித்துவிட்டு நேராக நடங்கள். எந்தக் கல் எந்தக் கிரகம் என்று மட்டும்தானே தெரிய வேண்டும்? கவுன்ட்டரில் சீட்டுக் கிழிக்கிறவரே கைகாட்டிச் சொல்லிவிடுவார். 7 மணிக்கு முன் போய் 8க்குள் கிளம்பிவிடலாம்.

காரங்காடு வேறு மாதிரி. தொண்டி போகும் வழியில், கடலோரத்தில் அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். படகுக்குக் கட்டணம் உண்டு. கூட வந்து விளக்குகிறவருக்குத் தனியாகக் கிடையாது. ஆகவே இதை இலவசக் கணக்கில்தான் சேர்க்கிறோம். படகு ஓட்டுகிற இளைஞர்கள் இதே ஊர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். பிரசங்கம் பண்ண மாட்டார்கள். கேட்டதற்குப் பதில் சொல்வார்கள். அதனால் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

படகை வேர்ப் பக்கமாக ஒதுக்கச் சொல்லுங்கள். சேற்றுக்கு மேலே பென்சில் நட்டுவைத்ததுபோல் நிற்பவை மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மேலே தலைகாட்டி மூச்சு வாங்குகின்றன. ஒரு முதிர்ந்த இலையின் பரப்பைச் சுட்டுவிரலால் தடவி நாக்கில் வையுங்கள், உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியாகத்தான் வெளியேற்றுகிறது. இலையைப் பறிக்க வேண்டாம், மரத்தில் இருக்கும்போதே தடவிப் பார்த்தால் போதும்.

இங்கே என்ன கெடும்? மூன்று விஷயம். சனி, ஞாயிறு 11 மணிக்கு மேல் கூட்டம் ஏறி, படகுக்கு நேரம் சுருங்கும், பேச்சு நின்றுபோகும். எனவே முதல் படகு. இரண்டாவது, தண்ணீர் ஆழம் குறைவு; வற்றிக் கிடக்கும் நேரத்தில் படகு உள்வாய்க்காலுக்குப் போகாது. கிளம்பும் முன் போன் செய்து "தண்ணி இருக்கா, உள்ள வரைக்கும் போகுமா?" என்று கேளுங்கள். மூன்றாவது வாடைக் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடக்கிலிருந்து திரும்பினால் இந்தப் பக்கக் கடல் கலங்கிவிடும், படகும் நிற்கும்.

இரவே மண்டபம் போய்ச் சேர்ந்துவிடுங்கள். காரணம் அடுத்த நாள்.

ஞாயிறு: மண்டபம்

பாக் நீரிணைப் பக்கத்தில் விசைப்படகுகளுக்கு வாரம் 3 நாள், நாட்டுப்படகுகளுக்கு 4 நாள் என்பது பழைய ஒப்பந்தம். திங்கள், புதன், சனி விசைப்படகு போகும். மறுநாள் காலை கரை சேரும். ஆக, செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில்தான் இறங்குதளத்தில் உயிர் இருக்கும். வேறு நாளில் போனால் காயும் வலையும் டீசல் வாடையும்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது விசைப்படகே கிடையாது. புயல் எச்சரிக்கை வந்தால் மீன்துறை டோக்கன் கொடுக்காது. டோக்கன் இல்லாமல் படகு நகராது. முந்தின நாள் மாலை டீக்கடையில் "நாளைக்குப் படகு வருதா?" என்று ஒரு வார்த்தை கேட்டாலே போதும், தெரிந்துவிடும்.

6 மணிக்கு அங்கே இருங்கள். ஏலம் நடக்கும்போது யாரிடமும் பேச்சுக் கொடுக்காதீர்கள். அது அவர்களுக்குப் பண நேரம். கூடையைத் தாண்டாதீர்கள், ஐஸ் பெட்டி தள்ளி வருகிறவருக்கு வழி விடுங்கள், வெள்ளைச் சட்டை போட்டுப் போகாதீர்கள். 8 மணிக்கு மேல் வேகம் தணியும். அப்போது மீன் பிரிக்கும் அக்காமார்கள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிடுங்கள். நின்றபடி கேட்டால் அதிகாரி என்று நினைப்பார்கள்.

ஒரு குவியல் அவர்கள் கையில் எப்படிப் பிரிகிறது என்று கவனியுங்கள். இறால் ஒரு பக்கம், கணவாய் ஒரு பக்கம், நண்டு தனி. நகரை, பாறை, சீலா ஒவ்வொன்றும் அதனதன் கூடைக்கு. காரலும் சூடையும் ஒன்றாகக் கிடந்தாலும் விரல் தடுமாறாது. மிச்சமாகத் தரையில் கிடப்பது சங்காயம்: பொடிமீன், நசுங்கியது, பெயர் தெரியாதது, எல்லாம் சேர்ந்தது. அது கோழித்தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் போகும். எந்தக் குவியல் பெரிது என்று பார்த்தாலே கடலின் நிலை தெரிந்துவிடும். இதை எந்தக் காசு வாங்கும் கைடும் காட்ட மாட்டார். அவருக்கு நாற்றம் ஆகாது.

"அக்கா, இதுல ஆவுளியா மாட்டுமா?" என்று மட்டும் விளையாட்டாகக் கேட்டுவைக்காதீர்கள். ஆவுளியா என்பது கடல்பசு. பிடித்தால் சிறைத் தண்டனை உள்ள உயிரினம். கடல் அட்டையும் அப்படியே, 2001 முதல் தடை. சட்டென்று பேச்சு நின்றுவிடும். அதற்குப் பிறகு எதுவும் பெயராது.

திங்கள்: பாசி, பாம்பன், குந்துகால்

வேதாளை, தங்கச்சிமடம் கரையில் கடல்பாசி வளர்ப்பு. வேலை ஆட்கள் காலை 6லிருந்து 10 வரை கரையில் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பலர் கோயிலுக்குப் போய்விடுவதால் திங்கள்தான் சரி.

மூங்கிலைக் கட்டி 12 அடிக்கு 12 அடி சதுர மிதவை. அதில் குறுக்கே கயிறுகள், கயிற்றில் முடிச்சு முடிச்சாகப் பாசித் துண்டுகள். அடியில் வலை, மீன் கடிக்காமல் இருக்க. ஒரு மிதவைக்கு விதைப்பாசி சுமார் 60 கிலோ. 45 நாளில் அறுவடை. அறுத்ததில் ஒரு பங்கை மறுபடி விதையாகக் கட்டிவிட்டு மிச்சத்தைக் காயப்போடுவார்கள். இந்தப் பாசிக்கு இங்கே 'பெப்சி பாசி' என்றுதான் பெயர். அந்தக் கம்பெனிதான் முதலில் வணிக அளவில் வளர்க்க வைத்தது. கடல்நீரில் சூடேறினால் பாசி வெளுத்து, நுனி உதிரும். அதனால் கோடை உச்சத்தில் மிதவை வெறுமையாகக் கிடக்கும்.

இயற்கைப் பாசி எடுக்கிற பெண்கள் வேறு. அவர்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் இறங்குவார்கள், நீர் வற்றும் கணக்குப் பார்த்து. மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று வகை பிரித்துக் காட்டச் சொன்னால் சந்தோஷமாகக் காட்டுவார்கள். விரல்களில் துணி சுற்றியிருப்பதைப் பார்ப்பீர்கள், பாறை கிழிக்காமல் இருக்க. படம் எடுக்கும் முன் கேளுங்கள். தீவுப் பக்கம் போய் எடுக்கிறார்களா என்று துருவாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதியில்லாமல் நுழையத் தடை. அவர்களுக்கும் வனத்துறைக்கும் அதில் ஓயாத இழுபறி. உங்களை "தீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று தனிப்படகு அழைத்தாலும் ஏறாதீர்கள். மாட்டினால் வழக்கு உங்கள் மேலும் பாயும்.

மண்டபம் முகாமில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. 1947இல் தொடங்கிய நிறுவனம். தலைமையகம் கொச்சிக்கு மாறும்வரை இங்கேதான் இருந்தது. வேலை நாளில் முன் அனுமதியோடு போனால், தனியாளுக்குக் கிடைக்காத விளக்கம் குழுவுக்குக் கிடைக்கும். கல்லூரிக் கடிதம் ஒன்று கையில் இருந்தால் கதவு எளிதில் திறக்கும்.

பாம்பன் பாலத்தைச் சாலைப் பாலத்தின் நடைமேடையிலிருந்து பார்ப்பதே போதும். கார் நிறுத்தினால் போலீஸ் விரட்டும். பாலத்தின் முனையில் இறங்கி நடந்து வாருங்கள். பழைய ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24இல் திறந்தது. நடுவில் இரு கை போல் மேலெழுந்த ஷெர்சர் வகைத் தூக்குப் பகுதி. 2022 டிசம்பர் முதல் அதில் ரயில் இல்லை. பக்கத்தில் 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். சாலைப் பாலம் 1988. கப்பல் கடப்பது எப்போது என்று பாலத்தடி மீனவர்களிடம் கேளுங்கள். முந்தின நாளே கப்பல்கள் வந்து நங்கூரமிட்டு நிற்பது அவர்கள் கண்ணில் படும்.

குந்துகாலில் 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் வந்திறங்கிய நினைவிடம். வெயில் சாய்ந்ததும் நல்ல இடம்.

செவ்வாய்: ராமேஸ்வரம்

கைடு தொல்லை உச்சத்தில் இருக்கும் ஊர் இது. அதனால் விவரமாகவே எழுதுகிறோம்.

பஸ் நிலையத்திலும் கிழக்குக் கோபுர வாசலிலும் வருகிறவர்கள் மூன்று வகை. அடையாள அட்டை உள்ள சுற்றுலாத் துறை வழிகாட்டி. அவர் காசு வாங்குவார், ஆனால் தொகை முன்பே சொல்வார், விஷயமும் தெரிந்தவர். வரலாறு ஆழமாக வேண்டுமென்றால் அவருக்குக் கொடுப்பதில் தப்பில்லை. இரண்டாவது வகை, லாட்ஜ் கமிஷன் ஆள். மூன்றாவது, "22 தீர்த்தமும் சீக்கிரம் முடிச்சுத் தர்றேன்" என்கிறவர். அட்டையைக் கேட்டதும் பின்னிரண்டு வகையும் தாமாகவே நகர்ந்துவிடும்.

தீர்த்தமாடும் முறை இதுதான்: முதலில் அக்னி தீர்த்தம், அதாவது கடல். பிறகு ஈர உடையோடு உள்ளே வந்து கோயில் கவுன்ட்டரில் சீட்டு. 22 தீர்த்தத்துக்கும் வரிசை எண் எழுதியிருக்கும். அம்புக்குறி பார்த்துப் போனாலே போதும், வழி சொல்ல ஆள் தேவையில்லை. கிணற்றடியில் நின்று வாளியால் ஊற்றுகிறவர் அங்கேயே இருப்பார். தரை வழுக்கும், வயதானவர்களைக் கைபிடித்துக் கூட்டிப்போங்கள். முடிந்ததும் உடை மாற்றிக்கொண்டுதான் சுவாமி தரிசனம். ஈரத்தோடு சன்னதிக்கு விட மாட்டார்கள். மாற்றுடையை லாட்ஜில் விட்டுவிட்டு வந்து தவிக்கிறவர்கள் தினமும் உண்டு. செல்போன் உள்ளே எடுத்துப்போக முடியாது. ஸ்படிக லிங்க தரிசனம் விடியற்காலை 5 மணிக்கு, அதற்குத் தனிச் சீட்டு.

மூன்றாம் பிரகாரம், 1212 தூண். மாலை 3 மணிக்கு நடை திறந்தவுடன் கூட்டம் குறைவு. நாள்பட்ட கோயில் பணியாளர்கள் பிரகாரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். "சேதுபதி சிலை எங்கய்யா இருக்கு?" என்று கேளுங்கள். அதிலிருந்து பேச்சு பிடித்துக்கொள்ளும்.

வெளியே சங்குக் கடைகள். வலம்புரி என்று வெள்ளைத் தாளில் சுற்றிக் கொடுப்பதில் பெரும்பாலும் வெளிநாட்டு நத்தை ஓடு. சங்கின் வாய்ப்பக்கம் வழியாக உள்ளே நடுத்தண்டைப் பாருங்கள்: உண்மையான சங்கில் வரி வரியாக மடிப்புகள் தெரியும், போலியில் வழவழவென்றிருக்கும். பவளத் துண்டு, கடல்குதிரை என்று விற்றால் தொடவே வேண்டாம், 1972 வனவிலங்குச் சட்டம் வாங்குகிறவரையும் பிடிக்கும். தொட்டியில் மிதக்கும் கல்லைக் காட்டி உண்டியல் வைத்திருப்பார்கள். உள்ளே நுண்துளைகளில் காற்று அடைபட்ட கல் மிதப்பதில் வியப்பில்லை. கும்பிடுகிறவர் கும்பிடலாம், அது அவரவர் விருப்பம்.

பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம், 2017 ஜூலை 27இல் திறந்தது. இலவசம். உள்ளே படம் எடுக்கத் தடை. பள்ளிவாசல் தெருவில் அவர் வீடும் இருக்கிறது. அங்கே நின்று படிக்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

புதன்: தனுஷ்கோடி

ராமேஸ்வரத்திலிருந்து 3ஆம் எண் டவுன் பஸ். வேனும் ஆட்டோவும் பல மடங்கு கேட்பார்கள். முதல் பஸ்ஸில் போனால் வெயிலுக்கு முன் அரிச்சல்முனை. சாலை 2017இல்தான் முனை வரை திறந்தது. அதற்கு முன் மணலில் ஜீப்தான்.

முதலில் முனைக்குப் போய்விட்டு, திரும்பும்போது பழைய ஊரில் இறங்குங்கள். காரணம், சர்ச், ரயில் நிலையம் பக்கம் கடை போட்டிருக்கும் மீனவக் குடும்பங்கள் 9 மணிக்கு மேல்தான் வருவார்கள். இங்கே அவர்களைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலை அப்பா, தாத்தா வாயால் கேட்டு வளர்ந்தவர்கள். பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் எந்த இடத்தில் அலையில் மூழ்கியது, இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பலேறும் துறை எந்தப் பக்கம் இருந்தது, எல்லாம் கைகாட்டுவார்கள். கடையில் ஒரு டீ, வறுத்த மீன் வாங்கிவிட்டுக் கேளுங்கள், அதுதான் இங்கே முறை. மணலைக் கையால் தோண்டிய ஊற்றில் நல்ல தண்ணீர் எப்படி நிற்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்: மழைநீர் உப்புநீரைவிட இலேசு, மேலேயே தங்கும். ஆழமாகத் தோண்டினால் கெட்டது.

ஒரு பக்கம் அமைதியான பெண் கடல், மறுபக்கம் இரைகிற ஆண் கடல். முனையில் குளிக்கவே கூடாது. நீரோட்டம் இரண்டு பக்கமும் இழுக்கும்.

தை, மாசியில் வருகிறவர்களுக்கு இரண்டு இலவச வாய்ப்பு கூடுதல். ஒன்று பூநாரை. தனுஷ்கோடி 2025இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் காலை வெளிச்சத்தில் பாருங்கள். ஜனவரியை ஒட்டி வனத்துறை நடத்தும் பறவைக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் பெயர் கொடுத்தால், பறவை தெரிந்தவரோடு ஒரு நாள் முழுக்க நடக்கலாம். தொலைநோக்கி, நோட்டு, தொப்பி உங்களுடையது. சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். மற்றொன்று ஆமை. சித்தாமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சு வெளிவந்ததும் விடியலில் கடலில் விடுவார்கள். எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது; ராமநாதபுரம் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவைத்தால் முந்தின நாள் தெரியும். குஞ்சைக் கையில் எடுக்கவோ, போனில் ஃபிளாஷ் அடிக்கவோ கூடாது.

மாலை 5 மணிக்கு மேல் புதுரோடு சோதனைச்சாவடியில் உள்ளே விட மாட்டார்கள். இருட்டுவதற்குள் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். கடைசி பஸ்ஸை நம்பி நிற்காமல் அதற்கு முந்தின பஸ்ஸில் ஏறிவிடுங்கள். கடைசி பஸ்ஸில் மீன்கூடைகளுக்கே இடம் இருக்காது.